பிள்ளைக்குச் சொல்லாத ஐந்து மணித்தியாலம்

இன்றைக்கு வேலை முடிந்து ஏரிக்கரையால் நடந்து வந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன்காரர் தன் கறுத்த இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்து மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. பின்னால் சைக்கிளில் வந்த ஒரு மனிசி இறங்கி நின்று, சுகமில்லையா என்று டொச் மொழியில் கேட்டாள். இல்லை, சும்மா களைப்பு என்று சொல்லிவிட்டு அங்கே கிடந்த வாங்கில் இருந்துவிட்டேன்.

சுவிஸுக்கு, இந்த ஊஸ்டருக்கு வந்து இருபத்தாறு வருடம். அந்தக் கரையில் நான் தனியாக இருந்தது இன்றைக்குத்தான். நீங்கள் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பீர்கள், நான் பக்கத்தில் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பேன். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் போயின.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இத்தனை நாளும் உங்களோடு மனதுக்குள்தான் கதைத்தேன். இன்றைக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. வேறு யாருக்கும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. அங்கே என்னோடு இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்தப் பயணம் உங்கள் ஆசை. மீன்பிடிப் புத்தகம் ஒன்றில் வந்த ஒரு பக்கத்தைக் கிழித்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தீர்கள். சுவீடனின் வடக்கு முனையில், மரமே வளராத மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி. பதினொரு வருடமாக உங்கள் சேர்ட்டுகளுக்குப் பின்னால் அது தொங்கியது. "இருக்கிற குளிர் காணாதெண்டு இன்னும் குளிரான இடம் தேடிப் போறதோ?" என்று நான் கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"இருபது வருசமா மற்ற ஆக்களுக்குச் சமைக்கிறன். ஒரு கிழமை நானே பிடிச்சு, நானே சமைச்சு, நானே சாப்பிட வேணும். நீர் பக்கத்தில இருந்தாக் காணும்."

முதியோர் இல்லத்தின் குசினியில், பல்லில்லாத வாய்களுக்காக இறைச்சியையும் கரட்டையும் அரைத்து அரைத்து, முள்ளோடு ஒரு முழு மீனைத் தட்டில் வைக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்குள் கிடந்திருக்கிறது. எனக்கு அது பிறகுதான் விளங்கியது. மகள் மெர்லினுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, பராமரிப்புத் தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம். அப்பாவும் மகளும் மாரி முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, என் கறிச்சட்டியை நிலத்தில் வைக்கப் பண்ணினீர்கள்.

இரண்டு நாள் ரயில். பிறகு ஒரு பஸ். பிறகு எங்கள் கால்கள். நடைபயணிகள் தங்கும் குடில் ஒன்றில் முதல் நாள் படுத்து, மறுநாள் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே நடந்தோம். முதலில் பனிமான்களை மறிக்கும் நீளக் கம்பிவேலி, அதற்குப் பிறகு ஒரு தொங்குபாலம், பிறகு வழி காட்டுவதற்காக ஆட்கள் அடுக்கிவைத்த கற்குவியல்கள், கடைசியில் ஏரியின் முனை. இந்த ஒழுங்கு எனக்கு மறக்காது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த முதல் இரண்டு நாளையும் கடவுள் எனக்குத் தராமலே விட்டிருந்தால் நல்லதோ என்று சிலவேளை நினைப்பேன். பிறகு அப்படி நினைத்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன். நீங்கள் பிடித்த முதல் மீனின் வயிறு செவ்வரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "இஞ்ச பாரும், இதுக்கு எங்கட மன்னாரில பேரில்லை" என்றீர்கள். "அப்ப நாங்களே வைப்பம்" என்று மெர்லின் அதற்குச் செவ்வயிறன் என்று பெயர் வைத்தாள். குடிலடியில் பொறுக்கி வந்த வெள்ளைப் பட்டை மரச் சுள்ளிகளைப் போட்டு ஒரு மீனைப் புகையில் வைத்தீர்கள். மற்றதுக்கு, சூரிச்சிலிருந்து காவி வந்த தேங்காய்ப்பால் மாவில் ஒரு சொதி. காற்றுக்கு விரல் விறைத்துப் போக, மூன்று பேரும் ஒரே சட்டிக்குள் கைவிட்டுச் சாப்பிட்டோம். நீங்கள் முள்ளை எடுத்துக் கல்லில் வரிசையாக அடுக்கினீர்கள். அவ்வளவு சந்தோசமாக உங்களை நான் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

நாலாம் நாள் காலை திரும்ப வெளிக்கிட்டோம். ஏரிக்கரையால் முனைப் பக்கம் போகும் வழியில் ஓர் ஓடை. போன தரம் முழங்காலுக்குக் கீழே ஓடியது, இப்போது மழையால் பெருத்திருந்தது. நீங்கள் உங்கள் பையோடு கடந்து அக்கரையில் இறக்கி வைத்துவிட்டு, என்னுடைய பையை எடுக்கத் திரும்பி வந்தீர்கள். என் முழங்கால் நோகிறது என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். என் பையோடு நடு ஓடையில் ஒரு கல்லில் கால் வழுக்கி, இடப்பக்கமாக, பாறை விளிம்பில் விழுந்தீர்கள்.

நாங்கள் இரண்டு பேரும் இழுத்து அக்கரை சேர்த்தபோது நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள். "ஒண்டுமில்லை. விலாவில அடிபட்டுப் போச்சு. இருங்கோ, மூச்செடுக்கிறன்." உடுப்பு மாற்றித் தேத்தண்ணி குடித்தீர்கள். கொஞ்சத் தூரம் நடக்கவும் செய்தீர்கள். அரை மணித்தியாலத்தில் உங்கள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்ப முடியவில்லை. மெர்லின் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு அம்மா. உள்ளுக்க இரத்தம் போகுது. அப்பாவுக்கு ஒப்பரேசன் செய்ய வேணும்."

அவளுடைய நாட்டெல் ஃபோனிலும் என்னுடையதிலும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சுவிஸில் எந்த மலையில் ஏறினாலும் அது வேலை செய்யும், அதையே நம்பிப் பழகிவிட்டோம். குடிலில் அவசரத் தொலைபேசி இருந்தது. அவள்தான் வேகமாக நடக்கக்கூடியவள். வேறு யோசிக்க ஒன்றுமில்லை.

"மூண்டு மணித்தியாலம் அப்பா. நீங்கள் கண்ணை மூடப்படாது. அம்மா, தண்ணி குடுக்காதைங்கோ, ஒப்பரேசனுக்கு வயிறு வெறுமையா இருக்க வேணும்."

"மெல்லப் போ பிள்ளை," என்றீர்கள். "ஓடாதை. கல்லு வழுக்கும்."

அப்போது பதினொரு மணி. அவளுடைய சிவப்பு மழைச்சட்டை மேட்டில் ஏறி மறைந்தது. அரை மணித்தியாலத்தில் பனிப்புகார் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, ஓடை எங்கே ஓடுகிறது என்றுகூடத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

கூடாரத்தை அடித்து, மூன்று படுக்கைப் பைகளுக்குள்ளும் உங்களைச் சுற்றி, பின்னால் இருந்து நான் அணைத்துக்கொண்டேன். விசிலை ஊதினேன். ஆறு தரம் ஊது, ஒரு நிமிசம் விடு, திரும்ப ஊது என்று மெர்லின் சொல்லித் தந்தபடி, உதடு வெடிக்கும் வரைக்கும் ஊதினேன். பிறகு அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"செபம் சொல்லாதையும். எனக்குப் பயமா இருக்கு. கதையும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது. உம்மட வேலையடியில நடந்ததைக் கதையும்."

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்குள் அகப்படும் பொய்ப்பற்களைப் பற்றிக் கதைத்தேன். ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருக்கிறது, ஒருவரும் தேடி வருவதில்லை என்று சொன்னேன். "அதுதான் எனக்கு அரைக்கிற வேலை கூட," என்று சிரித்தீர்கள். சிரித்தது நொந்து, அப்படியே சுருண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நான் சிரிப்பு வரும் கதை ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் கேட்டீர்கள். பிள்ளை குடுக்க வேண்டாமென்றாள் என்றேன். சரி என்றீர்கள். பிறகும் கேட்டீர்கள். கைலேஞ்சியை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன், அதை உறிஞ்சினீர்கள். பக்கத்தில் ஓர் ஓடை முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாகப்போகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் வயிறு நிறையத் தந்திருப்பேன். ஒப்பரேசன் செய்வார்கள் என்றுதானே உங்களைத் தாகத்தோடு வைத்திருந்தேன்.

ஆனால் அந்த நேரம் முழுக்க உங்கள் மனம் தண்ணீரிலோ நோவிலோ இருக்கவில்லை. நீங்கள் அவளோடு நடந்துகொண்டிருந்தீர்கள்.

"இப்ப ஏரி முனையைத் தாண்டியிருப்பாள்," என்றீர்கள். கொஞ்ச நேரத்தால், "இப்ப கற்குவியலடி." பன்னிரண்டரைக்கு, "இப்ப பாலத்தடியில நிப்பாள். பாலம் ஆடும், அவளுக்குப் பயமில்லை." பிறகு, "இப்ப வேலி." இரண்டு மணியாகும்போது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "குடிலுக்குள்ள போயிருப்பாள். இப்ப ரெலிபோனில கதைப்பாள். இங்கிலீசில கதைப்பாளோ, டொச்சிலயோ?"

"இங்கிலீசில," என்றேன்.

உண்மையில் அவள் அந்த நேரம் பாலத்தையே காணவில்லை. நீங்கள் அவளை ஆடும் பாலத்தில் நிறுத்தி வைத்திருந்த நேரம், அவள் புகாருக்குள் கற்குவியலைத் தவறவிட்டு, வேறொரு பள்ளத்தாக்கில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு மணித்தியாலம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்று மணி ஆகியும் மீட்புக்கு வர வேண்டிய ஹெலிகொப்டர் வரவில்லை. உங்கள் கை என் கைக்குள் குளிர்ந்துகொண்டு வந்தது. திடீரென்று எழும்பப் பார்த்தீர்கள்.

"விழுந்திட்டாள். என்னைப் போல எங்கயோ விழுந்து கிடக்கிறாள். நீர் போம். என்னை விட்டிட்டு அவளைத் தேடும்."

"எங்கயப்பா போறது? கண் தெரியேல்லையே."

"போம் எண்டிறன்."

உங்களோடு வாழ்ந்த காலத்தில் என்னை ஏசியது அந்த ஒரு தரம்தான். நான் போகவில்லை. கூடார வாசல் வரைக்கும் போய் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். புகார் என் குரலையும் விழுங்கிவிட்டது. திரும்பி வந்து உங்களைப் படுக்கவைத்தபோது உங்கள் கண்ணால் நீர் வழிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு நீங்கள் ஒன்று செய்தீர்கள். அவளைத் திரும்பவும் ஏரி முனைக்குக் கொண்டுவந்தீர்கள்.

"இல்லை. நான்தானே ஓடாதை எண்டனான். மெல்லத்தான் போவாள். இப்பத்தான் ஏரி முனை தாண்டுறாள்." மூச்சு வாங்கியது. "இப்ப கற்குவியல்." நெடுநேரம் ஒன்றுமில்லை. "பாலம்." குரல் காற்றுப் போலாகிவிட்டது. காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டேன். "வேலி," என்றீர்கள். அதற்கு அங்கால் அவளைக் கொண்டுபோகச் சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவு பயத்தோடு.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "சத்தம் கேக்குதப்பா," என்றேன். "ஹெலி வருது. பிள்ளை போய்ச் சேர்ந்திட்டாள்."

நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்கள். ஓடைச் சத்தம்தான் இருந்தது.

"எனக்குக் கேக்கேல்லை."

"எனக்கு வடிவாக் கேக்குது."

"உமக்குக் கேட்டாக் காணும்," என்றீர்கள்.

கண்ணை மூடினீர்கள். கை தளர்ந்தது. நித்திரையாகிவிட்டீர்கள் என்று நினைத்து, ஐயோ கர்த்தரே, நான் சந்தோசப்பட்டேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி அது. எவ்வளவு நேரம் அப்படிச் சந்தோசமாக இருந்தேன் என்று தெரியாது.

ஹெலி வந்தது ஐந்தரைக்கு. புகார் அப்போது கிழிந்து விலகியிருந்தது. வழி காட்டுவதற்காக மெர்லினையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் குதித்து ஓடி வந்தாள். இடுப்பு வரைக்கும் ஈரம், இரண்டு முழங்காலும் கிழிந்து இரத்தம், ஒரு சப்பாத்தின் அடி பிய்ந்து தொங்கியது. என்னிடம் வந்து சேரும் முன்னரே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வழி மாறிப் போனன் அம்மா. ரெண்டு மணித்தியாலம் வேற பக்கத்தில போட்டன்."

பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தாள். "எப்ப?"

நான் யோசிக்கவே இல்லை. "நீ போய்க் கொஞ்ச நேரத்தில. அரை மணித்தியாலம்கூட இல்லை."

கூட வந்த டொக்ரர் ஒரு பெண். உங்கள் கழுத்தையும், உடுப்புக்குள் கைவிட்டு நெஞ்சையும் தொட்டுப் பார்த்தாள். உடம்பில் சூடு இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் தமிழ் அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் "எப்போது?" என்று அவள் இங்கிலீசில் கேட்க, நான் பதினொன்றரை என்று சொன்னபோது, அவள் பிள்ளையின் முழங்கால்களைப் பார்த்தாள். பேனையை எடுத்து, தான் வந்து பார்த்த நேரத்தை மட்டும் எழுதினாள்.

உங்களை ஊஸ்டருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு மெர்லின் பயிற்சிக்குப் போகவில்லை. எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைத்து, அப்படியே எடுத்துக்கொண்டு வருவேன். எத்தனை தரம் ஒரே கேள்வி. "நான் வழி மாறாட்டியும் அப்பா தப்பியிருக்க மாட்டார் என்ன?" ஒவ்வொரு தரமும் ஒரே பதில். "ஓம் பிள்ளை. நீ பறந்து போயிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது." என் குரல் நடுங்கக் கூடாது என்று குசினியில் தனியாக நின்று அதைச் சொல்லிப் பழகியிருக்கிறேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு படியாக எழும்பி வந்தாள். குளித்தாள், சாப்பிட்டாள், பிறகு ஒரு திங்கட்கிழமை வேலை உடுப்பைப் போட்டாள்.

நான் இன்னொரு பக்கத்தில் தாழ்ந்துகொண்டு போனேன். அவளுக்குச் சொன்ன பொய்யை நான் தாங்குவேன். உங்களுக்குச் சொன்னதுதான் என்னை விடுவதில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்ததை அறியாமல் நீங்கள் போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் உங்களைப் பிடித்து வைத்திருந்ததோ? நான் ஹெலி வருகிறது என்று சொல்லாமல் விட்டிருந்தால், நீங்கள் வேலியிலிருந்து குடிலுக்கு, குடிலிலிருந்து திரும்ப ஏரி முனைக்கு என்று அவளைக் கொண்டு நடந்து, இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்திருப்பீர்களோ? அவர்கள் இரத்தம் கொண்டுவந்திருந்தார்கள். நான் பார்த்தேன், சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது. விடிய எழும்பினால் முதலில் இந்தக் கேள்விதான் எழும்புகிறது. உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

போன மாதம் அவள் பாஸ் பண்ணினாள். பத்திரம் தந்த மண்டபத்தில் அவளுடைய பெயரை வாசித்தபோது உங்கள் கைதட்டலையும் சேர்த்து நான் தட்டினேன். வீட்டுக்கு வந்து குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குசினிக் கதிரையில் இருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு கவலை மட்டும் இருக்கு. அண்டைக்கு நான் எவ்வளவு நடந்தனான் எண்டு அப்பாவுக்குத் தெரியாமலே போச்சு."

"தெரியும்," என்றேன்.

வாய் தவறிவிட்டது. பைப்பைப் பூட்டினேன்.

"எப்பிடித் தெரியும்?"

ஏரி முனை, கற்குவியல், பாலம், வேலி. எல்லாம் என் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. உன்னோடு இரண்டு தரம் நடந்தார் பிள்ளை, ஒவ்வொரு அடியும் உன்னோடுதான் வந்தார் என்று சொன்னால் அவள் அதை உயிர் உள்ளவரைக்கும் வைத்திருப்பாள். ஆனால் அடுத்த நிமிசமே நேரத்தைக் கூட்டிப் பார்த்து, நீங்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தீர்கள் என்று கண்டுபிடிப்பாள்.

"அப்பாவுக்கு உன்னைத் தெரியும் எண்டு சொன்னனான்," என்றேன்.

அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உடுப்பு மாற்றப் போனாள்.

இப்போது அவளுக்கு சூரிச்சுக்கு அங்கால், ஷ்லீரன் பக்கம் வேலை. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுவாள். கதவு சாத்தியதும் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் இருந்துவிடுவேன். இப்ப ஸ்டேசனடி, இப்ப ரயிலுக்குள்ள, இப்ப சூரிச்சில மாறுவாள், இப்ப வேலையடி. மழை, பனி என்றால் திரும்ப முதலிலிருந்து, மெல்ல. ஏழு மணிக்கு என் நாட்டெலில் அவள் ஒரு சொல் அனுப்புவாள்: "வந்திட்டன்." அது வரும் வரைக்கும் தேத்தண்ணியில் வாய் வைக்க எனக்கு முடிவதில்லை. வந்ததும் அதை உங்களுக்காக ஒரு தரம் சத்தமாக வாசிக்கிறேன்.